ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துவிட்டால் அரசுப் பள்ளியில் படிப்பு ஏறிவிடுமா?

ஜூன் 2 – வாசகர் ஒருவர்

"அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு லேப்டாப் கொடுங்கள். ஐந்தே வருடத்தில் தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் வித்தியாசம் இருக்காது. வேண்டாம் என்கிறவர்கள் வீட்டில் பார்த்தால் பிள்ளைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று ஏற்கெனவே இருக்கும். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கவும்."

ஜூன் 3

வேண்டாம் என்கிறவர்களின் வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஐந்து வருடக் கணக்கில்தான் சண்டை.

பெரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற உலக இயக்கத்திடம் அதிகமாக வாங்கிய நாடு அதுதான். எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, கருவி போன பள்ளி, போகாத பள்ளி என்று 319 பள்ளிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 15 மாதம் ஆன பிறகும் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கருவி போய்ச் சேரவில்லை என்றும் சமாதானம் சொல்ல முடியாது. கிடைத்த பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 1.18 கணினி இருந்தது, கிடைக்காத பள்ளிகளில் 0.12. பொதுவான யோசிக்கும் திறனைப் பார்க்கும் சில சோதனைகளில் மட்டும் சிறு ஏற்றம் தெரிந்தது. அறிக்கை 2012-ல் வந்தது.

அதோடு விடாமல், பத்து வருடம் கழித்தும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கணினியைக் கையாளும் திறமை கூடியிருந்தது. படிப்பு கூடவில்லை.

ஜூன் 3, இரவு

"இன்டர்நெட்டே இல்லாத மலைக்கிராமத்தில் கொடுத்துவிட்டு ஏறவில்லை என்றால் எப்படி?" என்று ஒருவர். நியாயமான கேள்வி. பெருவில் அந்தப் பள்ளிகளில் இணையம் கிட்டத்தட்ட இல்லைதான்.

அப்படியானால் கலிஃபோர்னியாவைப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லாத 1,123 மாணவர்கள், 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை, 15 பள்ளிகள். பாதிப் பேருக்குக் குலுக்கலில் இலவசக் கணினி. வருடக் கடைசியில் மதிப்பெண்ணிலும் வருகைப் பதிவிலும் இரண்டு பாதியும் சமம். 2013-ல் வெளியான ஆய்வு. அது இணையமே எட்டாத மலைக்கிராமம் இல்லை.

ஜூன் 5

எதிர்ப்பக்கத்தையும் வைக்காவிட்டால் இது வக்கீல் வாதம் ஆகிவிடும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆங்கஸ் கிங் ஆளுநராக இருந்தபோது, 2002-ல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் வருடம் சுமார் 17,000 பேர். மறு வருடம் எட்டாம் வகுப்பும் சேர்ந்தது. அந்த 'ஆளுக்கொன்று' என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் செமூர் பேப்பர்ட் இருந்தார். பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர், கடைசிக் காலத்தில் அந்த மாநிலத்திலேயே வாழ்ந்தவர். மூன்று பேருக்கு ஒன்று, இரண்டு பேருக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை, ஆளுக்கொன்று ஆனால்தான் ஏதாவது மாறும் என்பது அவர் வாதம்.

மாறியதா? எழுத்தில் மாறியது. 2000-த்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதையும் 2005-ல் எழுதியதையும் ஒப்பிட்டபோது எழுத்துத் தேர்வில் நல்ல ஏற்றம் தெரிந்தது. கணக்கும் வாசிப்பும் வருடங்கள் போகப் போகப் பெரிதாக அசையவில்லை.

எழுத்து மட்டும் ஏன் ஏற வேண்டும்? யோசித்தால் ஆச்சரியம் இல்லை. காகிதத்தில் ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதுவது பிள்ளைகளுக்குத் தண்டனை மாதிரி. முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும். திரையில் இரண்டாவது பத்தியை மேலே இழுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம். திருத்துவதற்கான கூலி குறைந்ததால் திருத்தினார்கள், திருத்தியதால் எழுத்து தேறியது. கணக்கில் லேப்டாப் எந்த வேலையைச் சுலபமாக்கியது என்று கேட்டால் பதில் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஜூன் 6

நானே அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவன். லேப்டாப் வந்தபோது பொறுப்பாசிரியர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு பாடவேளையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஆய்வறிக்கைகளில் இது இருக்காது.

மணி அடிக்கும். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்போம். நாலைந்து கருவி நேற்று யாரோ ஆஃப் செய்யாமல் வைத்ததால் செத்துக் கிடக்கும். சார்ஜ் போட இடம் தேடுவோம், வகுப்பறைச் சுவரில் இருப்பது இரண்டே பிளக். பாஸ்வேர்ட் மறந்தவர்கள் கை தூக்குவார்கள். மறக்காதவர்களில் பாதிப் பேருக்குப் பெரிய எழுத்துப் பூட்டு (கேப்ஸ் லாக்) விழுந்திருக்கும், அது அவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இணைந்ததும் வைஃபைக்கு மூச்சுத் திணறும். ஒருவனுக்கு அப்டேட் ஓடும். 'அணைக்க வேண்டாம்' என்று திரையில் சுழன்றுகொண்டே இருக்கும், அவன் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். ஒருவழியாகப் பாடம் ஆரம்பிக்கும்போது நேரம் பாதிக்கு மேல் போயிருக்கும். கடைசியில் எண்ணி வாங்கி உள்ளே வைக்கும் நேரம் வேறு.

இது பிள்ளைகள் குற்றம் இல்லை, கருவியின் குற்றமும் இல்லை. 'ஆளுக்கொரு லேப்டாப்' என்று எழுதிய கோப்பில் ஆளுக்கொரு பிளக் என்று யாரும் எழுதவில்லை.

ஜூன் 6, சற்றுப் பிறகு

"அதற்குத்தானே சார்ஜிங் வண்டி இருக்கிறது" என்று உடனே ஒரு பதில். இருக்கிறது. அதையும் யாராவது வாங்கித் தர வேண்டும், அதற்கு மின்சாரம் இருக்க வேண்டும், அது உருண்டு போகப் படிக்கட்டு இல்லாத பள்ளி வேண்டும்.

ஜூன் 9

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கே படிப்பு ஏறியது?

முதலில் வதோதரா. 2000-ல் குஜராத் அரசு அந்த நகரின் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் 100 பள்ளிகளுக்குத் தலா நான்கு கணினி கொடுத்தது. பெரும்பாலானவை பயன்படாமலே கிடந்தன. பிறகு பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு உள்ளே வந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கணக்கு விளையாட்டுகள், பக்கத்தில் ஓர் உதவியாளர். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாம் வருடம் முடிவில் கணக்கில் 0.47 திட்டவிலக்கம் ஏற்றம் (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம்). கல்வித்துறை ஆய்வுகளில் இது லேசுப்பட்ட எண் இல்லை. பொருளியலாளர்கள் பானர்ஜி, டஃப்லோ இருவரும் நோபல் வாங்குவதற்கு முன் செய்த வேலை இது, 2007-ல் வெளிவந்தது.

கவனியுங்கள், ஆளுக்கொன்று இல்லை. இரண்டு பேருக்கு ஒன்று. பேப்பர்ட் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ.

இரண்டாவது டெல்லி. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் பயன்படுத்தினார்கள். 45 நிமிடம் மென்பொருள், அதோடு 45 நிமிடம் சிறு குழுவில் ஒருவர் கற்பிப்பது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் கூடியது. மென்பொருள் செய்த பெரிய காரியம் ஒன்றுதான். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல், எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பித்தது. அந்த ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நான் எத்தனை அழகாக நடத்தினாலும், மூன்றாம் வகுப்புக் கழித்தலில் நிற்கிறவனுக்கு அது வேற்று நாட்டுச் சமாச்சாரம்தான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. குஜராத்தில் ஞான்ஷாலா பள்ளிகள். டெல்லி மென்பொருள் இல்லை, இது வேறு. ஒரே மென்பொருளை, ஒரே நிறுவனத்தின் பள்ளிகளில், இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குப் பதிலாகக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்னால் போனார்கள். பள்ளி முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். பெட்டி ஒன்றுதான், எதை எடுத்துவிட்டு அதை வைத்தோம் என்பதுதான் வேறு.

ஜூன் 10

"அப்போ லேப்டாப் நல்லதா கெட்டதா, ஒரே வரியில் சொல்லுங்க சார்."

மூன்றாவது உதாரணத்தைப் படிக்காமல் இறங்கி வந்துவிட்டீர்கள். மேலே போங்கள்.

ஜூன் 13

டெல்லி ஆய்வைப் பற்றி மேலே எழுதியதில் விட்டுப்போன ஒரு பக்கம் உண்டு. ஆய்வாளர்கள் வைத்த தேர்வில் ஏற்றம் நன்றாகத் தெரிந்தது. பள்ளியே வைத்த கணக்குத் தேர்வில் தெரியவில்லை. காரணம் சுலபம். ஏழாம் வகுப்புப் பையன் நாலாம் வகுப்புப் பின்னத்தைப் புரிந்துகொண்டான். அது நிஜமான முன்னேற்றம். ஆனால் ஏழாம் வகுப்பு வினாத்தாளில் நாலாம் வகுப்புப் பின்னத்தை யாரும் கேட்பதில்லை.

இது எனக்கு நேரிலும் பழக்கம். தாழ்ந்த படியில் இருக்கும் பிள்ளைகளை வைத்து மெனக்கெட்டால் தேர்ச்சிப் பட்டியலில் அது ஒரு வரியாகக்கூட வராது. அதிகாரி வந்து "லேப்டாப் வந்து என்ன பிரயோஜனம்?" என்று பட்டியலைக் காட்டுவார். எதை அளக்கிறோம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் நல்ல திட்டமும் தோற்றதாகத்தான் கணக்கில் ஏறும். ஆகவே "ஏறவில்லை" என்று நான் ஜூன் 3-ல் அடுக்கியவற்றையும் கொஞ்சம் இந்தக் கண்ணோடு பாருங்கள். பெருவின் முடிவு இதனால் மாறாது, அங்கே பிள்ளையின் படியைப் பார்த்துப் பாடம் கொடுக்கும் மென்பொருளே இல்லை.

ஜூன் 17

கவனச்சிதறல் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

வெஸ்ட் பாயின்ட் அமெரிக்க ராணுவக் கல்லூரி. ஒழுங்குக்குப் பேர் போன இடம். பொருளியல் வகுப்புகளைக் குலுக்கிப் பிரித்து, சிலவற்றில் லேப்டாப் அனுமதித்தார்கள், சிலவற்றில் கூடாது என்றார்கள். அனுமதித்த வகுப்புகள் கடைசித் தேர்வில் 0.18 திட்டவிலக்கம் கீழே. சீருடையும் கட்டுப்பாடும் உள்ள இருபது வயது ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் எட்டாம் வகுப்பைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கனடாவில் செய்து 2013-ல் வெளியான இன்னொரு சோதனையில் வேடிக்கை என்னவென்றால், லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர் மட்டும் கெடவில்லை, அந்தத் திரை கண்ணில் பட்ட பின்பெஞ்சுக்காரரும் கெட்டார். கணக்கு எடுக்கும்போது நான் வகுப்பின் பின்பக்கம் போய் நிற்பது அதனால்தான். முன்னால் நின்றால் எனக்குத் தெரிவது மூடிகளின் முதுகு மட்டும்.

"மூடு" என்று சொல்லிப் பழக்குங்கள். பாதி மூடுவது மூடுவது ஆகாது.

ஜூன் 18

சிரிப்புக்காக ஒன்று. பெரு வாங்கிய அந்த 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' இயக்கத்தைத் தொடங்கிய நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005-ல் நூறு டாலர் லேப்டாப் என்று அறிவித்தபோது பக்கவாட்டில் கைப்பிடி ஒன்று இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் சுற்றிச் சுற்றி சார்ஜ் ஏற்றலாம். அந்த வருடம் நவம்பரில் துனிஸ் நகரில் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானோடு மேடையில் காட்டினார்கள். அன்னான் சுற்றினார், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விற்பனைக்கு வந்த கருவியில் கைப்பிடி இல்லை, விலையும் நூறில் நிற்கவில்லை, இருநூறை ஒட்டிப் போய்விட்டது.

ஆனாலும் அந்தக் கருவியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. வெயிலில் படிக்கக்கூடிய திரை, தூசி புகாத விசைப்பலகை, பிள்ளைகள் கைக்கு ஏற்ற அளவு. கருவியை வடிவமைத்தவர்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் செய்தார்கள். கருவியைக் கொண்டுபோய் வைத்தால் மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியதுதான் இடித்தது.

ஜூன் 22

பழுதைப் பற்றி.

புதிதாக வரும்போது எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் வருடம் யாரும் வரமாட்டார்கள். பேட்டரி உப்பும், கீல் உடையும், சில விசைகள் காணாமல் போகும். எங்கள் பள்ளியில் திரையைவிட அதிகமாகத் தொலைந்தது சார்ஜர். பழுது பார்க்க அனுப்பினால் கருவி எப்போது திரும்பும் என்று சொல்ல ஆள் இல்லை. அதற்குள் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

இதனால் வரும் இன்னொரு கோளாறு மோசமானது. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டியது பொறுப்பாளர். ஆகவே உடையாமல் இருக்க நிச்சயமான வழியைக் கண்டுபிடிப்பார்: பீரோவில் வைத்துப் பூட்டுவது. அவரைத் திட்டாதீர்கள். தணிக்கையில் "ஏன் பயன்படுத்தவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை, "ஏன் இரண்டு குறைகிறது?" என்றுதான் கேட்பார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது எனக்கும் கை பீரோ சாவிப் பக்கம்தான் போனது.

பெருவிலும் இதே கதைதான். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் திட்டம், பாதிப் பிள்ளைகளுக்கு மேல் கொண்டுபோகவே இல்லை.

உடையாத கருவியும் சாகும். கூகுள் மென்பொருளில் ஓடும் குரோம்புக் மாதிரியான கருவிகளுக்கு, இந்தத் தேதிக்கு மேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று ஒரு காலாவதித் தேதி உண்டு. தேதி எண்ணப்படுவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, பள்ளி வாங்கிய நாளிலிருந்து இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாடலை வாங்கிய பள்ளிகளுக்குச் சில வருடம்தான் மிஞ்சியது. அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்த பிறகு 2023 செப்டம்பரில் கூகுள் அதைப் பத்து வருடமாக நீட்டியது. கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தத் தேதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஜூன் 27

லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகளின் விவகாரத்தை ஒருவர் ஞாபகப்படுத்தினார். லேப்டாப் இல்லை, ஐபேட். 2013-ல் ஆரம்பித்தது, 130 கோடி டாலர் திட்டம். கொடுத்த கையோடு ஓர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில், வேறு தளங்களுக்குப் போகாமல் கருவியில் போட்டிருந்த பூட்டை உடைத்துவிட்டார்கள். பூட்டு என்ன பெரிய பூட்டு, செட்டிங்ஸுக்குள் போய் ஒரு சுயவிவரக் கோப்பை அழித்தார்கள், அவ்வளவுதான். நிர்வாகம் கருவிகளைத் திரும்ப வாங்கியது. கொள்முதல் நடந்த விதத்தில் சந்தேகம் எழுந்தது, அந்தப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் 2014 அக்டோபரில் பதவி விலகினார், டிசம்பரில் எஃப்.பி.ஐ. வந்து பெட்டி பெட்டியாகக் கோப்பை எடுத்துப் போனது. கடைசியில் குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை.

அந்தத் திட்டத்தில் எல்லாரும் உண்மையாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அந்தக் கோப்பை அழிப்பதுதான் என்பேன்.

மறுபக்கமும் உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டம், தான் கொடுத்த லேப்டாப்பின் கேமரா வழியாகப் பிள்ளைகளை வீட்டுக்குள் படம் எடுத்தது 2010-ல் வெளியே வந்தது. திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வைத்த வசதியாம். வழக்கை 6,10,000 டாலர் கொடுத்து முடித்தார்கள். பூட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஜூலை 1

"பள்ளியில் வேண்டாம், வீட்டுக்கே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தானாகப் படிக்கும்" என்று ஒருவர் அழுத்தமாகச் சொல்கிறார்.

ருமேனியா அதைத்தான் செய்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் கணினி வாங்க 200 யூரோ கூப்பன். கூப்பன் கிடைத்த வீடுகளில் பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் குறைந்தது, கணினித் திறமை கூடியது. வீட்டுக்கு வந்த கணினி பாடத்துக்கு இல்லை, விளையாட்டுக்குப் போனது. ஆனால் கணினி நேரத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பெற்றோர் விதி வைத்திருந்த வீடுகளில் சேதம் குறைவாக இருந்தது.

இதைச் சொன்னால் சிலர் "பார்த்தீர்களா, ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது" என்று கிளம்பிவிடுவார்கள். பணக்கார வீட்டில் பிள்ளை விளையாடினால் அதைப் 'பரிச்சயம்' என்கிறோம். ஏழை வீட்டில் விளையாடினால் திட்டம் தோற்றது. இந்தத் தராசு எனக்கு ஒத்துவரவில்லை.

ஜூலை 3

தமிழ்நாட்டுத் திட்டத்தைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். அரசு நிறுவனமான எல்காட் மூலம் கொள்முதல், பத்து வருடத்துக்குள் ஐம்பது லட்சம் அளவுக்குப் போனது.

அதைப் பெருவோடு ஒப்பிடுவது பொருந்தாது. பெரு கொடுத்தது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு. இங்கே கொடுத்தது பெரும்பாலும் பள்ளியை விட்டுப் போகிற வயதில், சில ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போன பிறகே. அது வகுப்பறைப் பாடத்தை மாற்றியிருக்க வழியே இல்லை. கல்லூரிக்குப் போகிறவர் கையில் சொந்தமாக ஒரு கருவி இருக்கட்டும் என்ற திட்டம் அது. அந்த அளவுகோலில் பார்த்தால் எனக்குப் பிடித்த திட்டம்தான். "கற்றல் மேம்பட்டதா?" என்று கேட்டால் கேள்வியே வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இந்த இழை முழுக்க நான் இழுத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். கருவி கையில் இருக்க வேண்டும் என்பது ஒரு வாக்குறுதி. படிப்பு உயரும் என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பணம் இருந்தால் போதும், இந்த வருடமே செய்துவிடலாம். இரண்டாவதுக்கு ஆசிரியரின் நேரம் வேண்டும், பிள்ளையின் படிக்கு ஏற்ற பாடம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். மேடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு இரண்டாவது நடக்கவில்லை என்று முதலாவதையும் நிறுத்துகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் லிவர்பூல் என்ற பள்ளி மாவட்டம் ஏழு வருடம் நடத்திவிட்டு 2007-ல் அப்படித்தான் நிறுத்தியது.

ஜூலை 4

"சுற்றி வளைத்து நீங்களும் கொடுக்கத்தான் சொல்கிறீர்கள்."

ஆமாம். ஐந்து வருடக் கணக்கை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஜூலை 11

உருகுவேயைப் பற்றிக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

2007 மே மாதம் வில்லா கார்தால் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 2009 முடிவதற்குள் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்து முடித்தார்கள். உலகத்தில் முதலில் அதைச் செய்த நாடுகளில் ஒன்று. பிளான் செய்பால் என்று பேர். கணக்கு, வாசிப்பு மதிப்பெண்ணை எடுத்து ஆராய்ந்தவர்கள் அங்கும் கைவிரித்தார்கள், ஏற்றம் இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பெரு மாதிரி விட்டுவிடாமல் அதற்கென்று ஒரு நிரந்தர அமைப்பை வைத்தார்கள். பழுது பார்ப்பது, பள்ளிக்கு இணையம் கொண்டுபோவது, ஆசிரியருக்குப் பயிற்சி, எல்லாம் அதன் வேலை.

அவர்கள் செய்ததில் என்னை அசர வைத்தது ஆங்கிலப் பாடம். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் போதாது. வாரம் ஒரு வகுப்பை வேறெங்கோ இருக்கும், சமயத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர் காணொளி வழியாக எடுக்கிறார். மற்ற வகுப்புகளை அந்தப் பள்ளியின் ஆசிரியரே எடுக்கிறார், அவருக்கே ஆங்கிலம் அரைகுறை. அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்கிறார். வகுப்பை நடத்தத் தெரிந்தவர் ஒருவர், பாடம் தெரிந்தவர் இன்னொருவர், நடுவில் திரை. எது குறைகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்குக் கருவியைப் போட்டிருக்கிறார்கள்.

2020-ல் பள்ளிகள் மூடியபோது அந்த நாட்டில் பிள்ளைகள் கையில் கருவியும் இருந்தது, பழகிய தளமும் இருந்தது. அந்த வருடம் நான் போனில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போய்விடுவார், பிள்ளை கிடைப்பது இரவு எட்டு மணிக்கு மேல். ஆகவே 'மதிப்பெண் ஏறவில்லை, பணம் வீண்' என்று உருகுவேயைப் பற்றி யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 12

ஸ்வீடன் 2023-ல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பியதை மூன்று பேர் ஒட்டிவிட்டார்கள். தெரியும். அங்கே சின்ன வகுப்புகளில் திரையைக் குறைத்துப் புத்தகத்துக்கு நிதி ஒதுக்கினார்கள். அதற்கும் 'கொடுக்கவே கூடாது' என்பதற்கும் தூரம் அதிகம். புத்தகமும் இல்லாத, திரையும் இல்லாத பள்ளிக்கு ஸ்வீடனிடமிருந்து கற்றுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 19

அடுத்த மாதம் தங்கள் பள்ளிக்குக் கருவிகள் வருகின்றன, பொறுப்பு தன்னிடம் வந்திருக்கிறது, முதலில் என்ன செய்வது என்று ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். இவ்வளவு நேரம் பேசியதில் உருப்படியான கேள்வி இதுதான்.

மேடம், எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்துக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரத்தில் இரண்டு வேளை என்று பிடியுங்கள். எழுத்து வேலைக்கு ஆளுக்கொன்று கொடுங்கள், கணக்குப் பயிற்சிக்கு இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஒருவருக்கொருவர் வாதாடிக்கொண்டே போடுவார்கள். பிள்ளைகளின் படி என்ன என்று பழைய பாணியில் ஒரு தாளில் தேர்வு வைத்துப் பாருங்கள், மென்பொருள் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வாரம் பாடமே வேண்டாம்: திறப்பது, நுழைவது, சேமிப்பது, மூடுவது. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி உங்கள் மேஜையில் பூட்டி வையுங்கள், இணையப் பாதுகாப்பு நிபுணர்கள் மன்னிக்கட்டும். பெரிய பிள்ளைகளில் நாலு பேரைப் பழுது பார்க்கும் குழுவாக்குங்கள். என் வகுப்பில் பாடத்தில் பின்பெஞ்சாக இருந்த ஒரு பெண்தான் அந்தக் குழுவின் தலைவி, எந்தக் கருவி எந்தச் சார்ஜருக்கு மசியும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள்: இயல்பான பயன்பாட்டில் உடைந்தால் பொறுப்பாசிரியர் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று. அது கையில் இல்லாமல் பீரோ சாவியைத் தொடாதீர்கள்.

ஜூலை 19, பிறகு

சார்ஜர், சார்ஜர். கருவியின் எண்ணையே சார்ஜரிலும் அழியாத மையில் எழுதுங்கள், பிளக் பக்கம் ஒன்று, மறுமுனையில் ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பிய்த்துவிடுவார்கள்.